'எப்படியோ சமாளித்துவிட்டாள்': குழந்தைப் பருவக் கொடுமையைக் கடந்து வந்த பெண்களின் மனநலம் குறித்து ஓர் அறிமுகம்

சிறுவயதில் கொடுமைக்கு ஆளான ஒரு பெண் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், குடும்பமும் நடத்துகிறாள் என்றால் அவளை அறிந்தவர்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "எப்படியோ சமாளித்துவிட்டாள்." பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாராட்டு முழுவதும் 'சமாளித்துவிட்டாள்' என்பதற்கே போய்விடுகிறது. அந்த 'எப்படியோ'வை யாரும் விரித்துக் கேட்பதில்லை. உளவியல் கேட்பது அதைத்தான். எதைக் கொண்டு சமாளித்தாள்? அதற்கு என்ன விலை கொடுத்தாள்? இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கிறாளா?

கொடுமை என்றதும் அடி உதையும் பாலியல் துன்புறுத்தலும் உடனே நினைவுக்கு வரும். ஓயாமல் இழிவாகப் பேசுவது, மிரட்டுவது, பயத்திலேயே வைத்திருப்பது ஆகியவை மனரீதியான கொடுமை. பசிக்கும் நோய்க்கும் அழுகைக்கும் யாரும் திரும்பிப் பார்க்காமல் விடுவது புறக்கணிப்பு. பின்னிரண்டும் உடலில் தழும்பு விடுவதில்லை என்பதால் அவற்றைச் சிறியவையாக எண்ணும் பழக்கம் இருக்கிறது. ஆய்வுகள் அந்தப் பழக்கத்துக்குத் துணை நிற்கவில்லை. தவிர, இவை பெரும்பாலும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டே ஒரு வீட்டுக்குள் நுழைகின்றன. பாலியல் கொடுமையை மட்டும் எடுத்துக்கொண்டாலும், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ ஐந்து பெண்களில் ஒருவர் குழந்தைப் பருவத்தில் அதற்கு ஆளானதாகச் சொல்கிறார். ஆண் குழந்தைகளும் ஆளாகிறார்கள்; அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

சமாளித்தல் என்ற சொல்லை உளவியலில் ஒரு கருத்தாக நிலைநிறுத்தியதில் ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இருவருக்குப் பெரும்பங்கு உண்டு. தம் வலுவை மீறுவதாகத் தோன்றும் நெருக்கடியைக் கையாள ஒருவர் எண்ணத்தாலும் செயலாலும் எடுக்கும் முயற்சிகள் எல்லாமே சமாளித்தல்தான் என்று 1984-இல் அவர்கள் வரையறுத்தார்கள். முயற்சி வென்றதா தோற்றதா என்பது வரையறையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த முயற்சிகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். சிக்கலையே மாற்ற முயல்வது ஒன்று. சிக்கல் மாறாதபோது அது கிளப்பும் உணர்ச்சியைத் தணித்துக்கொள்வது மற்றொன்று. கூரை ஒழுகினால் உடைந்த ஓடு மாற்றுவது முதல் வகை. ஓடு மாற்ற வழியில்லாத இரவில் கட்டிலை நகர்த்திப் போட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு, விடியட்டும் என்று கிடப்பது இரண்டாம் வகை.

இந்தப் பிரிவை ஏழு வயதுக் குழந்தையிடம் கொண்டு வந்து பாருங்கள். வீட்டை விட்டுப் போக அவளால் முடியாது. அடிப்பவரைத் தடுக்க முடியாது. பல நேரங்களில் தனக்கு நடப்பதற்கு என்ன பெயர் என்பதே தெரியாது. சோறு போடும் கையும் துன்புறுத்தும் கையும் ஒன்றாக இருந்தால் முதல் வகைக் கதவு முழுவதுமாக அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது இரண்டாம் வகை மட்டும். அதுவும் ஒரு குழந்தையின் கைக்கு எட்டுகிற கருவிகளோடு.

அந்தக் கருவிகளில் ஒன்று, இருந்த இடத்திலிருந்தே விலகிப் போவது. உடல் அங்கே இருக்கும். மனம் விட்டத்துக்கோ சுவரில் உள்ள ஒரு கறைக்கோ போய்விடும். நடப்பது வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருக்கும். உளவியலாளர்கள் இதை விலகல் நிலை என்கிறார்கள். தப்பியோட முடியாத உயிர் உள்ளுக்குள் தப்பியோடும் வழி இது. இன்னொரு கருவி, எதிரிலிருப்பவரின் முகத்தைப் படிப்பது. காலடி ஓசையிலிருந்தே இன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்துவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். கோபம் கிளம்பும் முன்பே எதிராளியைக் குளிர்விக்கக் கற்றுக்கொள்வது, கண்ணில் படாமல் ஒடுங்கிக்கொள்வது, குறை சொல்ல இடம் தராதபடி எல்லாவற்றிலும் முதலாக வந்து நிற்பது, இவையும் அப்படியே. கடைசியாகச் சொன்னதைப் பெரியவர்கள் 'பொறுப்பான பெண்' என்று மெச்சுவார்கள். அதனாலேயே அது கண்ணில் படாமல் போகிறது.

மறதியும் ஒரு கருவியாகலாம். ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற உளவியலாளர் 1990-களில் முன்வைத்த விளக்கம் இது: தன்னை வளர்ப்பவரே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று முழுமையாக உணர்ந்தால் குழந்தையால் அவரை ஒட்டி வாழ முடியாது, ஒட்டி வாழாவிட்டால் பிழைக்கவும் முடியாது. எனவே அறிந்ததை அறியாமல் வைத்துக்கொள்வதே பிழைக்கும் வழியாகிவிடுகிறது. நினைவு எந்த அளவுக்கு, எப்படி மறைகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கடுமையான வாதங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் நடந்ததை எண்ணாமலே பல ஆண்டுகள் வாழ்ந்துவிட முடியும் என்பது பல பெண்களின் சொந்த அனுபவம்.

எனக்கு இவற்றிலெல்லாம் மிகவும் துயரமாகப் படுவது, 'என் தப்புதான்' என்ற எண்ணம். வெளியிலிருந்து பார்க்கும்போது இது புரிவதில்லை. தவறே செய்யாத குழந்தை ஏன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. தவறு தன்னுடையது என்றால், தான் திருந்தினால் கொடுமை நின்றுவிடும் என்று நம்ப இடம் உண்டு. தவறு பெரியவருடையது என்றால், தான் என்ன செய்தாலும் அது நிற்கப்போவதில்லை. இரண்டாவது உண்மை ஒரு குழந்தையால் தாங்கக்கூடியது அன்று. ஸ்காட்லாந்து மனப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பெயர்ன் 1940-களிலேயே இதைக் கண்டு எழுதினார். ஆக, குற்றவுணர்வு அவளுடைய அறியாமையின் அடையாளமன்று. நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் கட்டிய விலை அது. முப்பது வயதில் அவளிடம் போய் "உன் தப்பில்லை" என்று ஒருமுறை சொன்னதும் அது ஏன் கரைந்துவிடுவதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இந்த இடத்தில் ஒரு மருத்துவரின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1980-களின் நடுவில் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்பவர் உடல் எடைக் குறைப்புத் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். விந்தை என்னவென்றால், எடை குறையாதவர்கள் அல்ல, நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். காரணம் தேடி அவர்களோடு உட்கார்ந்து பேசியபோது, பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. பருமனான உடல் சிலருக்கு ஒரு காப்பாக இருந்தது. ஆண்களின் பார்வை மேலே விழாமல் அது தடுத்தது. எடை குறையக் குறைய, காப்பு கழன்று விழுவதுபோன்ற அச்சம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. மருத்துவர் நோய் என்று எண்ணியது, அந்தப் பெண்ணின் கணக்கில் மருந்து.

ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரும் பிறகு 17,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஆய்வு இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான். 1998-இல் வெளியான முதல் கட்டுரையின்படி, குழந்தைப் பருவத்தில் நான்கோ அதற்கு மேலோ வகையான துன்ப அனுபவங்களைக் கொண்டவர்களிடம், அத்தகைய அனுபவம் எதுவும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், மதுப் பழக்கம், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. இந்த எண்ணைப் படித்துப் பலர் பயந்துபோகிறார்கள். அது ஒரு பெரிய கூட்டத்தின் சராசரி. தனியொரு பெண்ணின் சாதகக் குறிப்பாக அதைப் பயன்படுத்தக் கூடாது. அதே எண்ணிக்கையில் துன்பங்களைச் சந்தித்தும் மனநோய் எதுவும் வராதவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு, நம்பிப் போய் நிற்க ஒரே ஒரு பெரியவராவது இருந்திருக்கிறார்: பாட்டியோ, அத்தையோ, ஆசிரியையோ, பக்கத்து வீட்டுக்காரரோ.

வளர்ந்த பிறகு என்ன நிகழ்கிறது? வீடு மாறிவிட்டது, கொடுமை செய்தவர் இறந்தும் போயிருக்கலாம். ஆனாலும் உடலின் அபாய மணிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. குரல் ஒன்று சற்று உயர்ந்தால் போதும், ஒரு வாசனை மூக்கில் பட்டால் போதும், இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூளையில் யோசிக்கும் பகுதியை முந்திக்கொண்டு அச்சத்தைக் கையாளும் பகுதி செயலில் இறங்கிவிடுகிறது. நடந்தது நினைவாக வராமல், இப்போது நடப்பதாகவே வருகிறது. அதன் மறுபக்கம் மரத்துப்போதல்: மகிழ்ச்சியான நாளிலும் கண்ணாடிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்ப்பது போன்ற உணர்வு. சிலர் ஒரே நாளில் இரண்டுக்கும் இடையே பலமுறை போய்வருகிறார்கள்.

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, உணவு உண்பதில் கோளாறு, தூக்கமின்மை, போதைப் பழக்கம் ஆகியவை இவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. மேலே சொன்ன படபடப்பும் மரத்துப்போதலும் சேர்ந்த நிலைக்கு மன அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு என்ற பெயர் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் 1980-இல்தான் இடம்பெற்றது. அதற்குப் பின்னணியில் இருந்தது பெரும்பாலும் போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பம். போர்க்களத்தில் கழிவது சில மாதங்கள், சில ஆண்டுகள். ஆனால் இந்தப் பெண்களுக்குக் குழந்தைப் பருவமே களமாக இருந்தது. அந்த வேறுபாட்டை 1992-இல் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் அழுத்தமாகச் சுட்டிக்காட்டி, நீண்டகாலக் கொடுமையின் விளைவுக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று வாதிட்டார். அதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அது சிக்கலான மன அதிர்ச்சிக் கோளாறு என்று தனியே இடம்பெற்றிருக்கிறது. பழைய அறிகுறிகளோடு மேலும் மூன்று அதில் சேர்கின்றன: உணர்ச்சியை அடக்கியாள முடியாமை, 'நான் எதற்கும் லாயக்கற்றவள்' என்ற ஆழமான எண்ணம், பிறரோடு நெருங்கவும் நிலைக்கவும் முடியாமை.

மூன்றாவதைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்ணின் வாழ்க்கையில் அது எதிர்பாராத இடங்களிலெல்லாம் தலைகாட்டுகிறது. நெருக்கம் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டே, அது கிடைத்ததும் மூச்சு முட்டி விலகுவது. முடியாது என்று சொல்ல நாவெழாமல் தலையாட்டிவிட்டுப் பிறகு தன்னையே வெறுப்பது. மகப்பேற்று மருத்துவரின் பரிசோதனை மேசையும் பல் மருத்துவரின் சாய்வு நாற்காலியும்கூடப் பழைய இரவுகளைத் திறந்துவிடலாம். அசையாமல் படுத்திருக்க வேண்டும், மேலே ஒருவர் குனிந்து நிற்பார், உடல் தன் கட்டுப்பாட்டில் இல்லை. புற்றுநோய்ப் பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் பெண்ணைச் சோம்பேறி என்று நினைத்துவிடுகிறோம். மகளுக்குத் தான் கொடுமைக்கு ஆளான அதே வயது வரும்போது, அதுவரை நன்றாக இருந்த தாய் நிலைகுலைவதும் மனநல ஆலோசகர்கள் அடிக்கடி காண்கிற ஒன்று. 'நானும் என் குழந்தைக்கு அப்படிச் செய்துவிடுவேனோ' என்ற பயம் பலரைத் தின்கிறது. கொடுமைக்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலானோர் தம் குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவதில்லை என்பதை அவர்களிடம் யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சமாளிப்பு முறைகளை நல்லவை, கெட்டவை என்று இரண்டு கூடைகளில் போடுவது வழக்கம். உடற்பயிற்சி நல்லது, தவிர்ப்பது கெட்டது, நண்பரிடம் பேசுவது நல்லது, இப்படி. அதில் பாதி உண்மை இருக்கிறது. எண்ணாமலும் உணராமலும் பேசாமலும் தள்ளிக்கொண்டே போகும் முறையைச் சார்ந்திருப்பவர்களுக்குக் காலப்போக்கில் அறிகுறிகள் கடுமையாகின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதற்குக் காரணமும் ஓரளவு தெரியும். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வில் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள் என்றார். கரடி அவர்களை விட்டுப் போகவில்லை. ஒரு நினைவு வந்துவிடக் கூடாது என்று காவல் காப்பதற்கே மனம் அந்த நினைவை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் கூடை முறை எனக்கு ஒப்பவில்லை. நாளைக்கு முக்கியமான தேர்வு இருக்கும் பெண் இன்றிரவு நினைவைத் தள்ளி வைக்கிறாள் என்றால் அது தவிர்ப்புதான், புத்திசாலித்தனமான தவிர்ப்பு. பத்தாண்டாக எந்த மருத்துவச் சோதனைக்கும் போகாமலிருப்பதும் தவிர்ப்புதான். ஓட்டப் பயிற்சி ஒருத்திக்கு உடலைத் திரும்பப் பெறும் வழி. இன்னொருத்தி வீட்டில் ஐந்து நிமிடம் சும்மா உட்காரப் பயந்து ஓடிக்கொண்டேயிருக்கிறாள். முறையின் பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நானாகத் தேர்ந்தெடுக்கிறேனா, இல்லை அது என்னை இழுத்துப் போகிறதா? வேண்டாம் என்றால் நிறுத்த முடிகிறதா? இதனால் என் உலகம் விரிகிறதா, சுருங்குகிறதா? இப்படிக் கேட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு விடை கிடைக்கும். மதுவும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும்கூட அந்தக் கணத்தின் தாங்க முடியாத உணர்ச்சியை அணைப்பதற்காகவே தொடங்குகின்றன என்று புரிந்துகொண்டால் அவளைத் திட்டத் தோன்றாது. ஆனால் அவை உயிரைத் தொடும் விஷயங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதென்றால் இந்தக் கேள்விகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அன்றே ஒரு மருத்துவரையோ அவசர உதவியையோ நாட வேண்டும். தனியாக இருக்கக் கூடாது.

பேசுவதைப் பற்றி. 'மனதில் இருப்பதைக் கொட்டிவிடு, பாரம் குறையும்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். யாரிடம் கொட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம்பிச் சொன்ன முதல் ஆள் "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்றோ, "அவரா? இருக்காதே" என்றோ, "நடந்தது நடந்துவிட்டது, வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும்" என்றோ சொல்லிவிட்டால், சொல்லாமலே இருந்திருக்கலாம் என்ற நிலைக்கு அவள் தள்ளப்படுகிறாள். இத்தகைய எதிர்வினைகள் பின்னாளைய துன்பத்தைக் கூட்டுகின்றன என்பது ஆய்வுகளில் தெளிவாகப் பதிவான செய்தி. கேட்பவர் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. "நான் நம்புகிறேன். உன் மேல் தப்பில்லை. இப்போது என்ன செய்தால் உனக்கு உதவியாக இருக்கும்?" என்று கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருந்தால் போதும். விவரங்களைத் துருவக் கூடாது. அவளைக் கேட்காமல் வேறொருவரிடம் கொண்டு போகவும் கூடாது. அவள் வாழ்க்கையில் அவளைக் கேட்காமல் நடந்தது ஏற்கெனவே நிறைய. இப்போது வேறொரு குழந்தை ஆபத்தில் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அதை மறைக்காமல் அவளிடமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை என்றால் படுக்கவைத்துப் பழைய கதையைக் கிளறுவார்கள் என்ற படம் பலர் மனதில் இருக்கிறது. ஹெர்மன் சொன்ன வரிசை வேறு. முதலில் பாதுகாப்பு: இன்று அடிபடாத இடம், தூக்கம், உணர்ச்சி பொங்கும்போது தரையில் கால் ஊன்றி நிற்கும் பழக்கம். அதன் பிறகே நினைவுகளைத் தொட்டு, இழந்த குழந்தைப் பருவத்துக்காகத் துக்கம் காப்பது. கடைசியாக, மனிதர்களிடமும் அன்றாட வாழ்க்கையிடமும் திரும்புவது. 2002-இல் மெரிலீன் க்ளோய்ட்டர் என்ற உளவியலாளரின் குழுவினர், குழந்தைப் பருவக் கொடுமையால் மன அதிர்ச்சிக் கோளாறுக்கு ஆளான பெண்களை மட்டும் வைத்து இதுபோன்ற அணுகுமுறையைச் சோதித்தார்கள். முதல் பாதி அமர்வுகளில் உணர்ச்சிகளையும் உறவுகளையும் கையாளும் திறன்கள், அடுத்த பாதியில் நினைவுகளை எதிர்கொள்வது. சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிட இவர்கள் நன்கு தேறினார்கள். எல்லோருக்கும் இந்த முன்தயாரிப்பு தேவைதானா, நேராக நினைவுக்கே போனால் என்ன என்று கேட்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் முடியவில்லை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை-நடத்தை சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் சிகிச்சை போன்றவற்றுக்கும் நல்ல சான்றுகள் உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் கடுமையாக இருந்தால் மருந்து துணை நிற்கும். பழைய நினைவை அழிக்கும் மாத்திரை எதுவும் இல்லை.

மன்னித்துவிட்டால்தான் மனம் ஆறும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். மன்னிக்க விரும்புகிறவள் மன்னிக்கட்டும். அதைச் சிகிச்சையின் நிபந்தனையாக வைப்பது எனக்கு முறையற்றதாகவே படுகிறது. மன்னிக்காமலே தேறியவர்கள் உண்டு. 'துன்பம்தான் உன்னை இவ்வளவு வலிமையாக்கியது' என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்த பேச்சுதான். வலிமை அவளுடையது. அதற்கான பெருமையைக் கொடுமைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

முதன்முறை ஆலோசகரிடம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில உண்டு. எல்லாவற்றையும் முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை. "சிறுவயதில் எனக்குச் சில கொடுமைகள் நடந்தன, இப்போது அதைப் பற்றிப் பேச முடியாது" என்ற ஒரு வாக்கியமே போதுமான தொடக்கம். மன அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. பெண் ஆலோசகர்தான் வேண்டும் என்று கேட்கலாம். கதவுக்கு அருகில் உள்ள நாற்காலியில் உட்காரலாம். மகப்பேற்று மருத்துவரிடமும் இதேபோல, "தொடுவதற்கு முன் சொல்லுங்கள், நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நல்ல மருத்துவர் காரணம் கேட்க மாட்டார், சரி என்பார். ஆலோசகர் அவசரப்படுத்தினாலோ, நம்பாததுபோல் நடந்துகொண்டாலோ, எழுந்து வந்து வேறொருவரைத் தேடலாம். ஏழு வயதில் அடைபட்டிருந்த அந்தக் கதவு இப்போது உள்ளிருந்தே திறக்கிறது.